எலெக்ட்ராவும் இன்ஜின் பவுண்டேஷனும்

தாயி,

நல்லாருக்கியா. போன்ல சிக்னல் விட்டு விட்டுப் போகுது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். நீ சொன்ன அந்த எலெக்ட்ரா பிளேன் கதைய யூடியூப்ல தேடித் தேடி பாத்துட்டு கெடக்கேன், அம்மா திட்டுறா.

நாலு இன்ஜின், நாலு புரொப்பல்லர், அன்னைக்கு புத்தம் புதுசு. 1959 செப்டம்பர்ல அமெரிக்கால ஹூஸ்டன்ல இருந்து டல்லாஸ் போகையில வானத்துலயே இடது இறக்கை பிஞ்சு 34 பேரு போயிட்டாங்க, ஆறு மாசம்கூட ஆகல, 1960 மார்ச்ல இண்டியானால வலது இறக்கை பிஞ்சு 63 பேரு. ரெண்டாவது விழுந்தப்புறம்தான் காரணம் சிக்குச்சு. இன்ஜின தாங்குற மவுண்ட்டு தளந்துருச்சுன்னா, சுத்துற புரொப்பல்லர் வட்டம் வட்டமா தலையாட்ட ஆரம்பிக்குமாம், அந்த ஆட்டமும் இறக்கையோட ஆட்டமும் ஒண்ணா சேந்துருச்சுன்னா இறக்கையே முறிஞ்சிருமாம்.

எனக்கு இதுக்கு படிப்பு வேண்டாம் தாயி. மண்டபத்துல தரை தட்டுன மீன்புடி போட்டு எத்தன பாத்திருக்கேன். ஓனருக்கு பயந்து டிரைவர் வாயே தெறக்க மாட்டான், தடைக்காலத்துல கரையேத்திப் பாத்தா இன்ஜின் உக்கார்ற பவுண்டேஷனோட போல்ட் ஓட்டை ஓவலா நீண்டு கெடக்கும், சுத்தி மரத்துல கருப்பா ஆயில் கசடு, ஷாப்ட்டு வேற தேஞ்சிருக்கும். பிளேனுக்கு தரை தட்டுறதுன்னா டமார்னு எறங்குற அந்த ஹார்ட் லேண்டிங்தான? அந்த மாதிரி முன்னாடி எப்பவோ வாங்குன அடிலகூட மவுண்ட்டு தளந்திருக்கலாம்னு சொல்றாங்க.

இதுல எனக்கு ஒப்பாத ஒண்ணு, அமெரிக்க கவர்மெண்ட்டு அத்தன பிளேனையும் எறக்கிப் போடாம ஸ்பீட மட்டும் குறைச்சு ஓட்டச் சொன்னது. ஆனா அந்தப் பிளேன செஞ்ச லாக்ஹீட் கம்பெனிக்காரன் தன் காசுல மவுண்ட்டையும் இறக்கையையும் பலப்படுத்திக் குடுத்தான், அதுக்கப்புறம் அந்தக் கோளாறுல ஒரு எலெக்ட்ராவும் விழல, அதே பிளேன வச்சுத்தான் ஓரியன்னு அமெரிக்க கடற்படைக்கே செஞ்சான். 1960 அக்டோபர்ல பாஸ்டன்ல ஸ்டார்லிங்கற பறவைக் கூட்டம் இன்ஜினுக்குள்ள போயி 62 பேரு செத்தது வேற கதை, அதுக்கு மவுண்ட்டு என்ன பண்ணும்.

உச்சிப்புளி நேவி தளத்துல இருந்து டோர்னியர் பிளேன் தலைக்கு மேல போகையில இப்பல்லாம் காது தானா இன்ஜின் சத்தத்துக்கு போயிருது.

ஒண்ணு மட்டும் சொல்லு. பிளேன நிறுத்தி வேலை பாக்குற உங்க ஹேங்கர்ல ஒரு பிளேன் டமார்னு எறங்கி வந்துச்சுன்னா அத லாக் புக்ல யாரு எழுதுவா? பைலட் எழுதாம விட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயித்துக்கிழமை போன் போட்டு வெவரமா சொல்லு. அம்மா நெத்திலி காயப் போட்டிருக்கா, பஸ்ல போட்டு விடவா, இல்ல ரூம்ல வாடை வருதுன்னு அந்தப் புள்ளைங்க சண்டைக்கு வருமா?

அப்பா