மன்னார் வளைகுடாவில் விட்டுக்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கடலோடும் அண்ணன்மார்களுக்கும், பாசி எடுக்கும் அக்காமார்களுக்கும், தீவுக் காவலர்களுக்கும், முக்குளித்து உழைக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் பழைய வீட்டின் பின்சுவரை இடித்தோம். உள்ளே முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். கல்லெங்கும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள்; ஒவ்வொரு கண்ணிலும் ஓர் உயிர் குடியிருந்திருக்கிறது. தாத்தா காலத்தில் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிவந்து, வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் விற்பது எங்கள் கரையில் மரியாதையான தொழில். அதை வெறும் கல் என்றுதான் நினைத்தார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்த அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளை 1986-இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களும் சேர்ந்தன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆனால் அரசாணை வந்த மறுநாளே யாரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிடவில்லை. வேறு பிழைப்புக்கு வழி தெரியாமல், கடன் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள். அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. மிச்சத் தீவுகளாவது மிஞ்சட்டும் என்று கல் எடுப்பதை நிறுத்திய குடும்பங்களுக்குத்தான் என் முதல் நன்றி. எங்கள் குடும்பம் எடுத்ததும் அந்தக் கணக்கில் உண்டு என்பதால் இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

பாசி எடுக்கும் அக்காமார்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளைப் பறிப்பவர்கள் நீங்கள். தீவுப் பக்கம் வரக்கூடாது என்றபோது உங்கள் அடுப்பு எப்படி எரியும் என்று முதலில் யாரும் யோசிக்கவில்லை. அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். நீங்கள் உரிமைக்காகப் பேசினீர்கள். கூடவே, மாதத்தில் 12 நாட்கள்தான் இறங்குவோம், பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்போம் என்று உங்களுக்கு நீங்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டீர்கள். பாசி மறுபடி தழைக்க நாள் கொடுக்க வேண்டும் என்பதை எந்த அதிகாரியும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பாக் விரிகுடாவில் ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கும் இதே மடலில் வணக்கம் சொல்கிறேன். கடற்பசு என்று புத்தகங்களில் எழுதும் அந்த உயிர் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதைக் காப்பாற்ற வலையை அறுப்பதென்றால் அன்றைய மீன்பாடு போனது, வலைக்கான செலவும் தலையில் விழுந்தது என்று பொருள். பிறகு ஊக்கத்தொகை வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் வலையை அறுக்கிற அந்த நொடியில் ஒருவர் கையில் காசு இருப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும் விலங்கு அது. ஒரு தாயை விடுவித்தால் அதற்குப் பின்னே எத்தனை வருடங்கள் இருக்கின்றன! 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது நான் உங்களைத்தான் நினைத்தேன். அவை மேயும் கடற்புல்லை மூங்கில் சட்டத்தில் நார்க்கயிற்றோடு கட்டி அடித்தரையில் நடுகிறவர்களையும்.

தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தாரின் பொறுமையைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. உடைந்த பவளத் துண்டைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, கடலடியில் வைத்து, மாதக்கணக்கில் போய்ப் போய்ப் பார்க்கும் வேலை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது வளர்த்ததே கண்ணெதிரில் செத்தது. திரும்பவும் நட்டீர்கள். 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான்தீவு 2015-இல் 2 ஹெக்டேருக்கும் கீழே கரைந்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அரசும் சேர, துளையிட்ட கான்கிரீட் வடிவங்களை அலை வரும் திசையில் இறக்கினீர்கள். அவை அலையின் வேகத்தைக் குறைத்தன. மண் மறுபடி ஒதுங்கியது. துளைகளுக்குள் மீன் வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையில் கட்டிப்போட்டு, கடன் சொல்லி அரிசி வாங்கும் வீடுகளையும் மறக்கவில்லை. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை இன்றும் கரையோரம் வருகிறதே என்ற வருத்தத்தை இன்னொரு நாள் பேசுவோம்.

போன வாரம் அம்மாவைக் கண்ணாடித் தளம் வைத்த படகில் கூட்டிப்போனேன். எழுபது வயதுவரை அந்தச் சுவருக்குள் வாழ்ந்தவர், முருகைக்கல்லை உயிரோடு அன்றைக்குத்தான் பார்த்தார். படகு திரும்பும்வரை குனிந்தபடியே இருந்தார்.

என்றும் நன்றியுடன்,
ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த ஒருத்தி