எதிரே தெரிவது சலாமிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கப்பல் பழுது பார்க்க டிரை டாக்கில் ஏறியிருக்கிறது, கிரீஸில் பெராமா என்ற இடம், மூன்று வாரம் ஆகும் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். அவளுக்கு நீ போட்ட செய்தியும் அந்த ஒரு வரிதானாம். எனக்கு அதுவும் இல்லை. போகட்டும், வேலை இருக்கும்.

பெராமா என்றதும் அட்லஸை எடுத்தேன். நீ மை கொட்டினாயே, அதேதான். டெக்கில் நின்று எதிரே பார்த்தால் தெரிகிற தீவு சலாமிஸ். 31 வருஷம் கரும்பலகையில் நான் வரைந்து வரைந்து அழித்த நீரிணை அது. உனக்குப் பின்னால் இருப்பது ஐகாலியோஸ் மலை. தன் கடற்படை ஜெயிப்பதைப் பார்க்க பாரசீக மன்னன் செர்க்சஸ் அந்த மலையடியில்தான் ஆசனம் போட்டு உட்கார்ந்தான். கி.மு. 480. கிரேக்கர்களிடம் தோற்பதைத்தான் பார்த்தான். அத்தனை பெரிய படைக்கு அந்தக் குறுகலான தண்ணீரில் திரும்ப இடமில்லை. நான் ஒரு தடவைகூடப் பார்க்காத இடத்தில் என் மகன் நிற்கிறான். தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சலாமிஸ் என்றால் என்ன சார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்தச் சண்டைக்குச் சில வருஷம் முன்பு லாரியன் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா பங்கு போட்டுக்கொள்வோம் என்றுதான் ஏதென்ஸ்காரர்கள் நினைத்தார்கள். அவர்கள் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் ஒருவர்தான் விடாப்பிடியாகப் பேசி, அந்தப் பணத்தைக் கப்பலாக்க வைத்தார். உன் கப்பல் படிப்புக்காகத் தெற்குத் தோட்டத்தை நான் கொடுத்தபோது சித்தப்பா கேட்ட கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் அந்தத் தைரியத்தில்தான் கொடுத்தேன். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னேன்.

காதுக்கு மூடி போடாமல் இன்ஜின் ரூமில் இறங்காதே. டிரை டாக்கில் இன்ஜின் ஓடாது என்று சொல்வாய். தட்டுவதும் சுரண்டுவதும் அதைவிட மோசம். அந்த ஏதென்ஸ்காரர்களின் ட்ரைரீம் என்ற போர்க்கப்பலில் துடுப்புப் போடுகிறவர்கள் மட்டும் 170 பேர், மூன்று அடுக்கு. கீழடுக்கில் 54 பேர். துடுப்பு வெளியே போகிற துளையையும் தோலுறை போட்டு மூடிவிடுவார்கள், கடல் உள்ளே வரக்கூடாதென்று. சண்டை எந்தப் பக்கம் போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. சத்தம்தான் தெரியும். உன் வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 54 பேர்தான் ஞாபகம் வருகிறார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் சங்கிலி போட்ட அடிமைகள் இல்லை. பெரும்பாலும் நிலமில்லாத ஏழைக் குடிமக்கள், கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள்.

ஏதென்ஸ்காரர் சாந்திப்பஸின் நாயை மறந்திருக்க மாட்டாய். பாரசீகப் படை வருகிறதென்று ஊரைக் காலி செய்து எல்லோரும் கப்பல் ஏறியபோது கரையில் விடப்பட்ட நாய். எஜமானின் கப்பல் பக்கத்திலேயே நீந்தி சலாமிஸ் வரை போய்ச் சேர்ந்து, கரையேறியதும் செத்துவிட்டது. புளுட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சொன்னேன். ராத்திரி முழுக்க நம் நாய் மணியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் படுத்திருந்தாய். "பச்சப் புள்ளைகிட்ட இப்படியா கதை சொல்வாங்க" என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அம்மா பேச்சை எடுக்காமல் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஒரு கதையை உனக்குச் சொன்னதே இல்லை. வகுப்பிலும் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். கி.மு. 406, அர்கினூசே தீவுகள். ஏதென்ஸ் ஜெயித்த கடற்போர். ஆனால் அவர்கள் பக்கத்திலும் 25 கப்பல் போனது. உடைந்த கப்பல்களைப் பிடித்துக்கொண்டு உயிரோடு மிதந்தவர்களையும், பிணங்களையும் யாரும் போய் எடுக்கவில்லை. புயல் வந்துவிட்டது, போக முடியவில்லை என்று தளபதிகள் ஊருக்கு எழுதினார்கள். பிணத்தை அடக்கம் செய்யாமல் விடுவது அந்த மக்களுக்குத் தாங்க முடியாத காரியம். வழியில் முன்பின் தெரியாதவன் செத்துக் கிடந்தாலும் ஒரு பிடி மண்ணாவது போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஜெயித்து வந்த தளபதிகள் என்றுகூடப் பார்க்காமல் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டெடுப்பில் மரண தண்டனை. ஊர் திரும்பியிருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளிஸின் மகனும் அதில் ஒருவன். தனித்தனியாக விசாரிக்காமல் இப்படிச் செய்வது சட்டப்படி தப்பு என்று அன்று சபையில் மறுத்து நின்றவர் சாக்ரடீஸ். பின்னால் ஊரே வருத்தப்பட்டது.

அந்தத் தளபதிகளுக்குச் சொல்வதற்குப் புயலாவது இருந்தது. நீ சிங்கப்பூரிலிருந்து போன் செய்த அன்று இங்கே ஒரு மழைகூட இல்லை. உன் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. சாதாரணக் காய்ச்சல், ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றேன். காலையில்தான் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். நீ அங்கேயே இறங்கி விமானம் ஏறியிருக்கலாம். மறுநாள் ராத்திரி அவள் பக்கத்தில் இருந்திருப்பாய். அடுத்த பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள் ஸீ டைம், கப்பலில் வேலை பார்க்க வேண்டிய நாள், பாக்கி என்று நீ சொன்னது மண்டையில் ஓடியது. தோட்டம் ஓடியது. சித்தப்பா முகம் ஓடியது. கப்பல் கிளம்பிவிட்டது. பதினோராம் நாள் நீ நடுக்கடலில் இருந்தாய்.

அம்மாதான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள் என்று உன்னிடமும் அக்காவிடமும் சொன்னேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா" என்றுதான் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். சொல்லிவிட்டேன், கிளம்பிவிட்டான் என்றேன். அக்கா வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பேச்சு போய்விட்டது.

இதை அக்காவிடமும் நானே சொல்லிவிடுகிறேன். நீ சொல்ல வேண்டாம்.

வேலையில்லாத நாளில் ஏதென்ஸுக்குப் போய் வா. பக்கம்தான். கெராமெய்கோஸ் என்று பழைய மயானம் இருக்கிறது. போரில் செத்தவர்களின் எலும்புகளைக் குலத்துக்கு ஒன்றாக சைப்ரஸ் மரப்பெட்டிகளில் வைத்து ஊர்வலமாக அங்கேதான் கொண்டுபோவார்கள். கூடவே துணி விரித்த பாடை ஒன்று காலியாகப் போகும். உடல் கிடைக்காதவர்களுக்காக. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் டெமோக்ளைடிஸ் என்பவனுடைய கல்லறைக் கல் ஒன்று உண்டு. கப்பல் முனையில் ஒருவன் தலையில் கை வைத்துத் தனியாக உட்கார்ந்திருப்பான். கேடயமும் தலைக்கவசமும் பின்னால் கிடக்கும். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். போக வேண்டாம் என்று தோன்றினால் போகாதே. வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அஸ்தியை முழுவதும் கரைக்கவில்லை. ஒரு சின்னக் கலயத்தில் கொஞ்சம் எடுத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படி வைக்கக்கூடாது என்று அத்தை பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறாள். மழைக்கு முன்னால் கயிற்றை மாற்ற வேண்டும்.

ஐப்பசியில் தலைத் திவசம். எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறாய் என்று அக்காவிடமாவது ஒரு வரி சொல்லிவிடு. காதுக்கு மூடி போட்டுக்கொள்.

அப்பா