பிளேட் அனுப்பும் முன் ஒரு ஷாட் போய்வரட்டும்

அன்புள்ள முத்து,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? படத்தின் எடிட் லாக் ஆகிவிட்டது (இனி மாறாது), அடுத்த வாரம் விஎஃப்எக்ஸுக்கு, அதாவது விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலைக்கு, ஷாட்களின் அசல் படங்களை (பிளேட்) அனுப்பப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் ரெண்டர் போட்டுவிடாதே. முதலில் ஒரே ஒரு ஷாட், நீ எடிட் செய்யும் ரிசால்விலிருந்து எஃபெக்ட்ஸ் சேர்க்கும் மென்பொருளான நியூக்குக்குப் போய், எந்த வேலையும் நடக்காமல் அப்படியே திரும்பி வரட்டும். அது பிரேமுக்குப் பிரேம் பொருந்திய பிறகு மற்றவை போகட்டும்.

இடிஎல் (எந்த கிளிப்பில் எந்தப் பகுதி எங்கே வருகிறது என்ற எடிட் பட்டியல்) ஒரு வீடியோ டிராக்கைத்தான் சுமக்கும். அதனால் விஎஃப்எக்ஸ் ஷாட்களைத் தனி டிராக்குக்கு ஏற்றிவிடு. காம்பவுண்ட் கிளிப் (பல கிளிப்களை ஒன்றாகக் கட்டியது), மல்டிகேம் (பல கேமராக் காட்சிகளைச் சேர்த்தது) இருந்தால் பிரித்துவிடு. இடிஎல்லின் வழக்கமான வடிவமான சிஎம்எக்ஸ் 3600-இல் ரீல் பெயருக்கு (அசல் கிளிப்பைக் காட்டும் பெயர்) 8 எழுத்துதான் இடம். அலெக்ஸா கேமரா தரும் கிளிப் பெயரில் கேமரா, ரோல், கிளிப் எண் மூன்றும் அந்த 8 எழுத்திலேயே முடிந்துவிடும். தேதி அதற்குப் பிறகுதான் வரும். பெயர் வெட்டுப்பட்டால் வேறு வேறு நாளில் ஒரே ரோல் எண்ணில் எடுத்த இரண்டு கிளிப்கள் ஒன்றாகத் தெரியும். இடிஎல்லைத் திறந்து, குறிப்பு வரியில் முழுப் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்.

பிரேம் கணக்கில்தான் பாதித் தகராறு. எடிட்டில் 72 பிரேம் உள்ள ஷாட்டுக்கு இருபுறமும் 8 பிரேம் ஹேண்டில் (கட்டுக்கு வெளியே கூடுதலாகத் தரும் பிரேம்கள்) வை. பிளேட்டின் பிரேம் எண் 1001-இல் தொடங்கட்டும். அப்போது கட் 1009-இல் ஆரம்பித்து 1080-இல் முடியும், பிளேட் 1088-இல் முடியும். 1001 என்று வைப்பது, பிறகு முன்பக்க ஹேண்டிலை நீட்ட வேண்டி வந்தாலும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்கத்தான். இடிஎல்லில் எழுதியிருக்கும் அவுட் பிரேம் ஷாட்டில் சேராது என்பதையும் சொல்லி வை. ஒரு பிரேம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்பீடு மாற்றிய ஷாட் தனிக் கதை. 200 சதவீதத்தில் ஓடும் அதே 72 பிரேமுக்கு ஹேண்டிலோடு 176 அசல் பிரேம் வேண்டும். சீரான வேகத்தை இடிஎல்லின் எம்2 வரி சொல்லிவிடும். ஸ்பீடு ராம்ப்பின் (ஷாட்டுக்குள்ளேயே வேகம் படிப்படியாக மாறுவது) வளைவு அதில் வராது. ராம்ப் இருந்தால், ரெஃபரன்ஸ் வீடியோவில் அசல் டைம்கோடைப் பதித்து, வேகம் மாறும் இடங்களின் பிரேம் எண்ணை எழுதி அனுப்பு. ஜூம், ரீசைஸ் எதையும் பிளேட்டில் ரெண்டர் செய்யாதே. ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் சைசிங்கை அணைக்கும் வசதி இருக்கிறது. ஜூம், ரீசைஸ் அளவுகளின் எண்ணை மட்டும் தனியாகக் கொடு.

நிறத்துக்கு வருகிறேன். கிரேடை (நிறத்திருத்தம்) முழுக்க எடுத்துவிட்டு, கேமரா பதிவுசெய்யும் லாக்-சி நிறவடிவத்திலிருந்து, விஎஃப்எக்ஸ் வேலைக்கான லீனியர் ஏசிஸ்சிஜிக்கு மாற்றி, 16 பிட் ஈஎக்ஸ்ஆர் படக்கோப்புகளாக அனுப்பு. இந்த மாற்றத்தைச் செய்யும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்மில் டோன் மேப்பிங்கை (வெளிச்ச அளவை அழுத்தும் அமைப்பு) 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைக்க மறக்காதே. மறந்தால் பல்பு, ஜன்னல் வெளிச்சமெல்லாம் நசுங்கிவிடும். நியூக்கில் பிளேட்டைத் திறந்து, சரியாக எக்ஸ்போஸ் ஆன கிரே கார்டை அளந்து பார்: 0.18-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 0.39 என்று காட்டினால் அது இன்னும் லாக்கிலேயே இருக்கிறது. எரியும் பல்பில் 1.0-ஐத் தாண்டி எண் ஏறாவிட்டால் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது.

இடமும் பார்த்துக்கொள். 4096×2160 அளவில் அழுத்தாத ஈஎக்ஸ்ஆர் பிரேம் ஒன்று சுமார் 53 எம்பி. ஜிப் அல்லது பிஸ் அழுத்தம் எதையும் இழக்காது. டிடபிள்யூஏஏ என்ற அழுத்தத்தில் கோப்பு சின்னதுதான், ஆனால் இழப்பு உள்ளது. கீயிங் செய்யும் (பச்சைப் பின்னணியை நீக்கும்) கிரீன்மேட் பிளேட்டுக்கு நான் அதைப் பயன்படுத்தமாட்டேன்.

திரும்பி வந்த ஷாட்டை அனுப்பிய பிளேட்டின் மேல் டிராக்கில் வைத்து, காம்போசிட் மோடை டிஃபரன்ஸாக (இரண்டு படங்களின் வித்தியாசத்தை மட்டும் காட்டுவது) மாற்று. திரை முழுக்கக் கறுப்பாக வேண்டும். பொருள்களின் விளிம்பு மட்டும் கோடாகத் தெரிந்தால் ஒரு பிரேமோ அரை பிக்சலோ நகர்ந்திருக்கிறது. மொத்தப் படமும் மங்கலாகத் தெரிந்தால் நிற மாற்றம் எங்கோ பிசகியிருக்கிறது.

சோதனைக்கு எளிய ஷாட்டை எடுக்காதே. ஸ்பீடு ராம்ப்பும் ஜூமும் பல்பு வெளிச்சமும் ஒன்றாக இருக்கிற ஷாட்டாகப் பார். எதை எடுத்தாய், டிஃபரன்ஸில் என்ன தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் சேகர்