எத்தனாலா, பெரிய இன்ஜினா? டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஸ்கோடா ஆக்டேவியா, சூப்பர்ப் கார்களை 1.8 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜினோடு வைத்திருப்பவர்கள் பலரும் சமீபமாக ஒரே கேள்வியோடு பட்டறைக்கு வருகிறீர்கள். "ரீமேப் போட்டாச்சு. இதுக்கு மேல பவர் வேணும்னா எத்தனால் பக்கம் போகலாமா, இல்ல இன்ஜினை 2.0 ஆக்கிடலாமா?" (ரீமேப் என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றி எழுதுவது.) வேலைக்கு நடுவே நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனமில்லை. இதில் பணமும் போகும், இன்ஜினும் போகலாம். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு, பெட்ரோலில் கலந்த எத்தனால், அதுவும் 35 சதவீதத்துக்கு மேல் போகாமல். இன்ஜினைப் பெரிதாக்குவது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற ட்ராக்கில் மட்டும் ஓட்டும் காருக்கு.

பவர் என்பது இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, அதை எவ்வளவு நன்றாக எரிக்கிறோம் என்பதுதான். டர்போ காரில் அந்தக் காற்றுக்கு உச்ச எல்லை வைப்பது, வெளியேறும் புகையால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் டர்போ. ஒரு நிமிடத்தில் அது தள்ளக்கூடிய காற்று இவ்வளவுதான் என்று இருக்கிறது. 1.8-ஐ 2.0 ஆக்கினாலும் அதே டர்போ இருக்கும்வரை அந்த எல்லை நகராது. பெரிய இன்ஜின் கூடுதலாகப் புகை தள்ளுவதால் டர்போ சீக்கிரம் சுழன்று பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) முன்னதாக வரும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது பிக்கப் நன்றாகத் தெரியும். மேல் ரெவ்வில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுழலும்போது, வித்தியாசம் பெரிதாக இருக்காது. சின்ன டர்போ, பெரிய இன்ஜினின் புகையை வெளியே விடத் திணறும்.

எவ்வளவு பெரிதாகிறது என்றும் பாருங்கள். இரண்டு இன்ஜினிலும் சிலிண்டரின் அகலம் (போர்) 82.5 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) சுமார் 84-லிருந்து 92.8 ஆகிறது. 1798 சி.சி. 1984 சி.சி. ஆகிறது, அதாவது பத்து சதவீதம். இதற்காக இன்ஜினை முழுக்க இறக்கி, பிரித்து, கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும். பத்து சதவீதத்துக்கு இவ்வளவு வேலை.

எரிபொருளால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கம்பெனியே செய்து காட்டிய உதாரணம் உண்டு. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 2005-இல் 9-5 காரை 2.0 டர்போ பயோபவர் என்று விற்றது. பெட்ரோல் ஊற்றினால் 150 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 85 சதவீத எத்தனால் ஊற்றினால் அதே இன்ஜின் 180 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர். நட்டு, போல்ட் எதையும் தொடாமலே பவர் இருபது சதவீதம் கூடியது.

காரணம், எத்தனால் நாக்கிங்கை அடக்குவதுதான். குன்னூர் மலைப்பாதையில் மதிய வெயிலில் மூன்றாவது கியரில் அழுத்தி ஏறும் ஒரு 1.8-இல் லாப்டாப்பை மாட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். உள்ளே போகும் காற்றின் சூடு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஏறிக்கொண்டே போகும். ஸ்பார்க் கொடுத்த பிறகு, நெருப்பு பரவி வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். இதுதான் நாக்கிங். காரின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுவிட்டு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். ஒரு சிலிண்டரில் இரண்டு டிகிரி, இன்னொன்றில் நான்கு, ஐந்து. ரீமேப்பில் கொடுத்த பவரில் பாதி அங்கேயே திரும்பப் போய்விடும். கழற்றிய ஸ்பார்க் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகள் இருந்தால், நாக்கிங் ரொம்ப நாளாக நடக்கிறது என்று அர்த்தம். சாம்பல் நிற மினுமினுப்பு தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்குப் பிறகு அந்தக் காரை ஓட்டவே கூடாது.

எத்தனால் இதை இரண்டு வழியில் அடக்குகிறது. நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் அதற்குச் சுமார் 108. இப்போது பங்கில் கிடைக்கும் இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு 95. அதைவிட முக்கியம், ஒரு கிலோ எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு சூட்டை இழுத்துக்கொள்கிறது. சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் டிஎஸ்ஐ இன்ஜினில் இந்தக் குளிர்ச்சி சரியாக வேண்டிய இடத்திலேயே கிடைக்கிறது. ஸ்பார்க்கைத் தள்ளிப்போட வேண்டிய அவசியமே வராது. 100 ஆக்டேன் எக்ஸ்பி100 ஊற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல பெட்ரோல்தான். ஆனால் இந்த அளவு குளிர்ச்சி அதில் வராது. 2020 டிசம்பரில் டெல்லியில் வந்தபோதே லிட்டர் 160 ரூபாய்.

சரி, அப்படியென்றால் டேங்க் முழுக்க எத்தனால் ஊற்றலாமே? கூடாது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். உள்ளே போகும் காற்று அதே அளவுதான் என்பதால், லிட்டர் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிபொருள் தெளிக்க வேண்டிவரும். இந்த இன்ஜினின் ஹை பிரஷர் பம்ப்பை கேம்ஷாஃப்ட்தான் ஓட்டுகிறது. அது தள்ளும் அளவு அதன் உடம்போடு வந்தது. அளவு மீறிக் கலந்தால் 5,500 ரெவ் தாண்டியதும் 200 பாரில் இருக்க வேண்டிய பிரஷர் சரியத் தொடங்கும். பூஸ்ட் முழுசாக இருக்க, எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் உருகும்.

35 சதவீதம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். குளிர்ச்சியின் பலனில் பெரும்பகுதி அந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது, பம்ப்பும் தாங்குகிறது. கணக்கு எளிது. இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் எத்தனால் 100 என்ற எரிபொருளைத் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 183 பங்குகளில் அறிமுகப்படுத்தியது. பெயர் 100 என்றாலும் அதில் எத்தனால் சுமார் 93 சதவீதம். ஆக்டேவியாவின் 50 லிட்டர் டேங்க்கில் அது 10 லிட்டர், இ20 பெட்ரோல் 40 லிட்டர் என்று நிரப்பினால் கிட்டத்தட்ட 35 சதவீதம் வந்துவிடும். மைலேஜ் இ20-ஐவிட ஐந்தாறு சதவீதம் குறையும். உங்கள் பக்கத்தில் எந்த பங்கில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கேனில் ஸ்பிரிட் வாங்கி ஊற்றுகிற யோசனை வேண்டாம். உரிமம் இல்லாமல் ஸ்பிரிட் வைத்திருப்பது குற்றம். மெத்தனால் கலந்திருந்தால் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். அப்படி ஊற்றிய காரை நாங்கள் ட்யூன் செய்ய மாட்டோம்.

இப்போது கியர்பாக்ஸ். எங்களைப் பொறுத்தவரை முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். சூப்பர்ப் 1.8 மேனுவலில் 320 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள். அதே 180 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்) பொருத்தியபோது 250-க்குக் குறைத்துவிட்டார்கள். டிக்யூ200 என்கிற அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் தாங்குவது அவ்வளவுதான். ஆக்டேவியா 1.8-லும் அதே கியர்பாக்ஸ், அதே 250. 2.0 ஆக்கினால் கூடுவது கீழ் ரெவ்வின் டார்க். கிளட்ச்சைக் கொல்வதும் அதே டார்க்தான். கம்பெனியே வேண்டாமென்று பூட்டி வைத்ததைத் திறக்க, இன்ஜினை இறக்குவானேன்?

எத்தனால் மேப்பில் கீழே 250-ஐ அப்படியே விட்டுவிடலாம். கம்பெனி மேப்பில் 5,000 ரெவ்வுக்குப் பிறகு அந்த டார்க் சரிகிறது. அதை 6,200 வரை பிடித்து வைத்தால் கணக்குப்படி 220 குதிரைத்திறன். கிளட்ச்சுக்குக் கூடுதல் பாரம் இல்லை. டர்போ எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப இதில் கொஞ்சம் குறையலாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. சி.சி. ஆர்.சி.யில் இருக்கிறது. விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ்காரர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் உங்களுக்குத்தான் சிக்கல். ரோட்டுக் காருக்கு 2.0 கிராங்க் போட்டுத் தர மாட்டோம் என்பதற்கு இது ஒன்றே போதும். கீழ் ரெவ்வில் இழுவை வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், காரை விற்றுவிட்டு, ஆயிலில் நனைந்து ஓடும் வெட் கிளட்ச்சோடு வந்த 2.0 ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றைப் பாருங்கள். செலவும் கவலையும் குறைவு. வேலை எங்களுக்கு வராது, பரவாயில்லை. எரிபொருள் விஷயத்திலும் ஒன்று உண்டு: இந்தக் கார்கள் இவ்வளவு எத்தனாலுக்கென்று சான்று பெற்றவை அல்ல. வாரண்டி மிச்சமிருக்கும் காரில் செய்யாதீர்கள்.

எத்தனாலுக்குச் சில பழக்கங்கள் வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் டேங்க்கை இ20-க்கு மாற்றிவிடுங்கள். ஊட்டியில் டிசம்பர் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். குளிரில் எத்தனால் சரியாக ஆவியாகாது. பிரேசிலில் இதற்காகவே எத்தனால் கார்களில் சின்னதாக ஒரு பெட்ரோல் டேங்க் தனியாக வைத்திருந்தார்கள். ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கே மாற்றுங்கள். பழைய ரப்பர் பைப்புகளை நாங்கள் முதலிலேயே பார்த்துவிடுவோம்.

செய்ய விரும்புகிறவர்கள் டேங்க்கை ரிசர்வ் அளவுக்கு இறக்கி, கடைசியாகப் போட்ட பெட்ரோலின் பில்லோடு வாருங்கள். முதலில் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்போம். அப்புறம் இப்போதிருக்கும் மேப்பிலேயே ஒரு ஓட்டம் ஓட்டி, பிரஷரையும் ஸ்பார்க் தாமதத்தையும் பதிவெடுப்போம். அந்தத் தாள் உங்கள் கையில் வந்த பிறகுதான் எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று அளக்கும் சென்சார் பொருத்துவது பற்றிப் பேசுவோம். சென்சார் இல்லாமல், கையால் கலந்த அளவை நம்பி மேப் போடுவதில்லை.

அன்புடன்,
பட்டறைக் குழுவினர்,
கோயம்புத்தூர்