34 அங்குல மானிட்டர் வாங்கும் முன்

ஆசிரியருக்கு,

துப்பாக்கி விளையாட்டுகளுக்குக் கணினியை எப்படி அமைப்பது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்வைக்கோணத்தை, அதாவது விளையாட்டு உலகில் எத்தனை டிகிரி திரையில் தெரிகிறது என்கிற அளவை, முடிந்தவரை கூட்டி வையுங்கள், 21:9 (அகலம்:உயரம்) அகலத் திரை இருந்தால் எதிரி முதலில் உங்கள் கண்ணில்தான் படுவான் என்கிற பொருளில் எழுதியிருந்தார்கள். நான் பதினொன்றாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறவள். இந்த விளையாட்டுகளை மகனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி, ஆடியதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு முழுக்க என் பாடம். அந்தக் கணக்குப்படி கட்டுரையின் அறிவுரை சில விளையாட்டுகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குத் தலைகீழாகப் போகும்.

கட்டுரை வந்த வாரமே, டயர் கடை வைத்திருக்கும் ஒரு அப்பா மகனின் பிடிவாதம் தாங்காமல், "34 அங்குல மானிட்டர் வாங்கிக் கொடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டு வந்தார். பையன் ஆடுவது வேலரன்ட். அதில் பார்வைக்கோணம் பக்கவாட்டில் 103 டிகிரி என்று நிறுவனமே பூட்டி வைத்திருக்கிறது. ஆடுகிறவர் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 21:9 திரையில் ஓட்டினால் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டைதான் வரும். கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தப் பட்டைக்குத்தான் போகும். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கவுன்டர்-ஸ்டிரைக் 2 வேறு மாதிரி. அதில் உயரக் கோணம் மாறாது. திரை அகலமாக ஆக பக்கவாட்டுக் காட்சி கூடிக்கொண்டே போகும். 4:3 திரையில் அது 90 டிகிரி. நடுவிலிருந்து ஓரத்துக்கு 45 டிகிரி. டேன், அதாவது எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்த மதிப்பு, 45 டிகிரிக்கு 1. அரை அகலம் 1 என்றால் அரை உயரம் 3/4. உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு 16:9 திரைக்குப் போனால் அரை அகலம் 3/4 × 16/9, அதாவது 4/3. டேன் மதிப்பு 4/3 வரும் கோணம் 53.13 டிகிரி. நம் பழைய 3-4-5 முக்கோணத்தின் கோணமேதான்! இரட்டித்தால் 106.26 டிகிரி. மேலிருந்து கீழ் அளந்தால் அதே முக்கோணத்தின் இன்னொரு மூலை, 36.87, இரட்டித்தால் 73.74. இதைக் கரும்பலகையில் போட்ட அன்று கடைசி பெஞ்சில்கூட ஒருவரும் தூங்கவில்லை.

ஆக, 4:3-இல் ஆடுகிறவர் ஒவ்வொரு பக்கமும் 8 டிகிரி காட்சியை இழக்கிறார். அகலம்தான் வெற்றி என்றால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனால் சிம்பிள் என்ற பெயரில் ஆடும் உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் கோஸ்டிலீவ், இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், 1280×960 (4:3) படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து வைத்துத்தான் ஆடிவந்திருக்கிறார். இழுக்கும்போது எதிரியின் உருவம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். அதே அளவுக்கு அவன் திரையில் வேகமாகவும் நகர்வான் என்பதைப் பையன்கள் மறந்துவிடுகிறார்கள். விளையாட்டுக்குள் எதிரியின் உண்மையான அளவு மாறுவதே இல்லை. குண்டு மானிட்டர் காலத்தில் 4:3-இல் பழகிய கைகளின் வழக்கமும் இதில் நிறைய உண்டு என்று நினைக்கிறேன்.

கோணத்தைக் கூட்டினால் என்ன விலை என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஒரு கரண்டி மாவைப் பெரிய தோசையாக இழுத்தால் மெலிசாகும். திரை அதேதான், புள்ளிகளும் அதே எண்ணிக்கைதான். கோணத்தை 90-லிருந்து 120-க்குக் கொண்டுபோனால் அரைக்கோணம் 45-லிருந்து 60 ஆகிறது. டேன் மதிப்பு 1-லிருந்து √3. திரையின் நடுவில் தெரியும் எதிரியின் தலை அகலத்திலும் உயரத்திலும் 1/√3 ஆக, சுமார் 58 சதவீதமாகச் சுருங்கும். பரப்பளவில் மூன்றில் ஒன்று! எட்டத்தில் நிற்பவனைச் சுட வேண்டிய விளையாட்டில் இது சின்ன விஷயமா? மிச்சம் பிடித்த இடமெல்லாம் ஓரங்களுக்குப் போகிறது. 120 டிகிரி வைத்தால் விளிம்பில் உள்ளவை நடுவில் இருப்பதைப் போல நான்கு மடங்கு பக்கவாட்டில் இழுபடும். நெருக்கத்தில் நான்கு பக்கமும் எதிரி வரும் ஆட்டம் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். ஒரு சந்தின் முனையைக் குறி வைத்துக் காத்திருக்கும் ஆட்டம் என்றால் தேவையில்லை.

மெனுவில் தெரியும் எண்ணை மட்டும் ஒப்பிடவும் கூடாது. ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டில் 90 என்பது மேலிருந்து கீழ் அளக்கும் கோணம். கவுன்டர்-ஸ்டிரைக்கின் 90-ஓடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

தலைசுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. விளையாட்டின் கோணம் மிகக் குறுகலாக இருந்து, திரை முகத்துக்கு அருகில் இருந்தால் சிலருக்குக் குமட்டும். அவர்கள் கொஞ்சம் கூட்டிப் பார்க்கட்டும். அது உடம்புக்காக.

இதெல்லாம் கணினி வைத்திருப்பவர்கள் கதை. எங்கள் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்திய வடிவம்) ஆடுகிறவர்கள். அங்கே கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. ஒல்லியான நீள போனில் தெரியாத மேல், கீழ்ப் பகுதிகள் சதுரத்துக்குப் பக்கமான ஐபேட் திரையில் தெரியும். அதனால்தான் போனிலேயே திரை விகிதத்தை மாற்றி 'ஐபேட் வியூ' வரவைக்கப் பையன்கள் ஏதேதோ செயலிகளை இறக்குகிறார்கள். அந்தச் செயலிகள் போனுக்குள் வேறு என்னென்ன பார்க்கின்றனவோ, யாருக்குத் தெரியும். கவுன்டர்-ஸ்டிரைக்கில் சதுரத் திரைக்காரருக்கு நஷ்டம், பிஜிஎம்ஐ-யில் அவருக்கே லாபம். எந்தப் பக்கத்தை விளையாட்டு ஆணி அடித்து வைத்திருக்கிறது என்று பார்க்காமல் அகலம் நல்லதா கெட்டதா என்று பேசவே முடியாது.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. கல்லூரி விழாக்களில் பரிசுப் பணத்தோடு போட்டிகள் நடக்கின்றன. ஐபேட் கொண்டு வந்தவர்களும் சாதாரண போன்காரர்களும் ஒரே லாபியில், அதாவது ஒரே ஆட்டத்தில், மோதியதாக மாணவர்கள் சொல்லக் கேட்டேன். ஓட்டப் பந்தயத்தில் கோடு போடும் நடுவர்கள் இதற்கும் ஒரு கோடு போடலாம்: எந்தச் சாதனம், எந்தத் திரை விகிதம் என்று நுழைவுப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். உங்கள் இணைப்பிலும் அடுத்த முறை எந்த விளையாட்டு உயரத்தைப் பிடித்து வைக்கிறது, எது அகலத்தைப் பிடித்து வைக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். மானிட்டர் வாங்கப் போகும் பெற்றோருக்கு அது போதும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை,
அருப்புக்கோட்டை