ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால்

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தொடை சூம்பிக்கொண்டே போகிறது, மாப்பிள்ளை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்த அவசரப் பதில்.

எனக்கும் அதே கதைதான். போன மாதம் ஒரு கல்யாணத்தில், பழைய நினைப்பில் தரைப் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு எழுந்தால் கால் சொன்னபடி கேட்கவில்லை. பாயசம் பரிமாறிய பையன் கை கொடுத்தான். எச்சில் கையை நீட்டுவதா வேண்டாமா என்ற குழப்பம் வேறு.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வயதானால் தசை குறைவதை 'சார்கோபீனியா' என்கிறார்கள், 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற ஆய்வாளர் வைத்த பெயர். தசையைக் காக்கும் டெஸ்டோஸ்டிரோன் நடுவயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. வளர்ச்சி ஹார்மோனும் இறங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன். அப்படியானால் ஊசியால் ஈடுகட்டலாமே என்றுதான் நானும் நினைத்தேன். 1990இல் டேனியல் ரட்மன் என்ற மருத்துவர் 60 வயது தாண்டிய ஆண்கள் சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார். ஆறே மாதத்தில் கொழுப்பு நீங்கலான எடை 8.8 சதவீதம் கூடியது. பின்னால் வந்த சோதனைகளில்தான் குட்டு வெளிப்பட்டது: சதை கூடியதே தவிர வலு கூடவில்லை.

எனக்குப் புதிதாக இருந்தது நரம்புச் சமாச்சாரம். தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கூட்டம் தசைநார்களை ஆள்கிறது. 60க்கு மேல் இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அநாதையான நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு கிளைவிட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும். மற்றவை சுருங்கி மறைந்துவிடும். தத்தெடுப்பது பெரும்பாலும் மெதுவான நரம்பு என்பதால் வேகமாக இயங்கிய நாரும் மெதுவான நாராகிவிடுகிறது. முன்பெல்லாம் வாசற்படி தடுக்கினால் சமாளித்து நின்றுவிடுவோம், இப்போது விழுந்த பிறகுதான் தெரிகிறது. காரணம் இதுதான் போலிருக்கிறது!

ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவா என்று பார்த்தார்களா? பிராஸ்டேட் சுரப்பியைப் பார்த்தார்களா? முதலில் அதைக் கேள்.

நான் வேறு வழியில் இறங்கியிருக்கிறேன். 1990இலேயே அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கப் பயிற்சி கொடுத்தார். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைச் சதை கூடியதோ 9 சதவீதம்தான். மீதி வலு பெரும்பாலும் நரம்பு தந்தது. அதனால் காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுகிறேன். ராத்திரிக்கு வெறும் இட்லி போய், கூடவே புரதத்துக்கு இரண்டு முட்டை.

நீயும் செய்து பார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார். 12 விநாடிக்குள் முடிந்தால் சரி. எனக்கு 14 ஆனது. உன் கணக்கை எழுது. பொய் எழுதாதே, தங்கச்சியிடம் கேட்டுச் சரிபார்ப்பேன்.

அன்புடன்,
ராமு