புரூனோ படம் பார்த்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'ஜியோர்டானோ புரூனோ' படத்தை நேற்று ராத்திரி அப்பா தூங்கினதும் உட்கார்ந்து பார்த்து முடித்தேன். 1973-ல் வந்த படம் என்றாய், பழசாகவே தெரியவில்லை. புரூனோவாக நடித்த வொலோன்தே முறைத்துக்கொண்டு நின்றாலே போதும், வசனமே வேண்டாம். மோரிக்கோனே இசையும் நீ சொன்ன மாதிரிதான்.

ஆனால் அந்தப் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தத்துவவாதி புரூனோவை "பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக எரித்துவிட்டார்கள்" என்று போனில் சொன்னாயே, அதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்டத்துக்கு எல்லை கிடையாது, நம்முடையதைப் போல எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று அவர் சொன்னதும் குற்றச்சாட்டில் இருந்தது, சரி. அதோடு ஏசு கடவுளா, ஒரே கடவுள் மூன்று ஆளாக இருக்கிறார் என்கிற திரித்துவம் உண்டா, பூசையில் அப்பம் நிஜமாகவே ஏசுவின் உடலாக மாறுகிறதா என்று மதத்தின் அஸ்திவாரத்திலேயே கை வைத்தவர் அவர். விஞ்ஞானத்துக்காகச் செத்தார் என்று சுருக்கினால் பாதி ஆளைத்தான் பார்க்கிறோம்.

அந்த வெனிஸ் பிரபு மொசெனிகோவைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் மறக்காமல் மனதில் வைக்கிற நினைவுக்கலையைக் கற்றுக்கொடுங்கள் என்று புரூனோவை வெனிஸுக்கு வரவழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, நினைத்த அளவுக்குச் சொல்லித்தரவில்லை என்ற கடுப்பில் 1592 மே மாதம் திருச்சபையின் மத விசாரணை மன்றத்திடம் அவனே பிடித்துக் கொடுத்தானே!

வெனிஸ் விசாரணையில் புரூனோ மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார், தெரியுமா? அதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடித்தான் போனது. பிறவி வீரர் ஒன்றும் இல்லை, எப்படியாவது பிழைத்துக்கொள்ளப் பார்த்த மனுஷன். அப்படிப்பட்டவரை ரோமுக்குக் கொண்டுபோய் வருஷக்கணக்கில் அடைத்து வைத்து, திருச்சபையின் இறையியல் அறிஞர் பெல்லார்மின் எட்டுக் கருத்துகளைக் குறித்துக் கொடுத்து இவற்றைக் கைவிடு என்றபோது, விடுகிறேன் என்பதும் பிறகு வாதாடுவதுமாக இழுத்து, 1599 டிசம்பரில் எதையும் கைவிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த பிப்ரவரி 17, பேசவிடாமல் நாக்கைக் கட்டி எரித்தார்கள். முட்டி போட்டவருக்கு அந்த "முடியாது" எங்கிருந்து வந்தது என்பதில் படம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அப்புறம், நீ படிக்கிற பாதுவா பல்கலைக்கழகத்தில்தான் கணிதப் பேராசிரியர் வேலைக்குப் புரூனோவும் ஆசைப்பட்டிருக்கிறார். அது கலிலியோவுக்குப் போனது. அந்தக் கலிலியோ, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தான் சொன்னதை 1633-ல் வாபஸ் வாங்கி உயிர் தப்பினார். அவர் செய்ததும் சரிதான் என்பது என் கட்சி, ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை போடலாம். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அம்மா